சின்னவள் வாய் திறக்காத பத்து மாதம்

மாமா ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப் புதுசுபோலத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வீட்டிலிருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அப்பா ஹாரனை அடித்துப் பார்த்தார், பெரியவள் சீட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். ஆறு வயதுச் சின்னவள் மட்டும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிவிட்டு எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "மாமா இதுல விழுந்துடுவார்" என்றாள்.

நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு வார்த்தை வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? மாமாவின் முகம் செத்துவிட்டது. அம்மா ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்து, "குழந்தைதானே, ஏதோ உளறுது" என்று சமாளித்தாள். பதினோராம் நாள் மழையில், ஒரு வளைவில், வண்டி வழுக்கி மாமா விழுந்தார். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. இன்றைக்கும் அவர் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் சின்னவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். "வாயக் கழுவு" என்றாள். குழந்தை கொப்பளித்துத் துப்பியது. "இன்னும் கழுவு." அதுவும் துப்பியது. மூன்றாவது தடவை தண்ணீரோடு சேர்ந்து அழுகையும் வந்தது.

அந்த டயரில் ஒரு கோடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. அந்தக் குழந்தையின் உள்ளங்கையைவிட வழவழப்பாக இருந்தது. ஏண்டி அப்படிச் சொன்னே என்று ஒரே ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கையைப் பிடித்து அழைத்துப் போய் டயரைக் காட்டியிருப்பாள். கேட்கவில்லையே! கருநாக்கு என்று பேர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பேர் வைத்தது ஊரார் இல்லை, பெற்ற தாய்.

அதோடு போயிருந்தால்கூட அது ஒரு வேடிக்கைக் கதையாகிச் சொந்தக்காரர்கள் கூடும்போது சிரிக்க உதவியிருக்கும். சின்னவளுக்குப் பத்து வயதானபோது அப்பாவின் விஷயம் நடந்தது.

அப்பா ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். வீடு மூன்றாவது மாடியில். தினமும் சாயங்காலம் அவர் வரும் சத்தம் கேட்டதும் சின்னவள் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு ஓடுவாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்பா நின்றுகொண்டு சட்டைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். வீட்டில்தான் எல்லாரும் இருக்கிறார்களே, சாவி எதற்கு? மறுநாளும் அங்கேயே நின்று தேடினார். அதற்கு மறுநாளும் தேடினார். ஒரு கை பையில் இருக்கும், இன்னொரு கை நெஞ்சில் இருக்கும், நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். நான்கைந்து நாள் பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவள் சொன்னாள்: "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குது. மாடி ஏறும்போது நின்னு நின்னு வர்றார்."

"சாவி தேடினேன்டி, போக்கிரி" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். மறுபடியும் குழாயடி, மறுபடியும் கொப்பளிப்பு. நாலு மாதம் கழித்து அப்பா அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து சொன்ன செய்தியில் எந்த நம்பிக்கையும் மிச்சமில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருக்க, அம்மா சுவரில் சாய்ந்தபடி, யாரையும் பார்க்காமல், "இவ சொன்னா. சொன்னபடியே ஆயிடுச்சு" என்றாள். அத்தனை தலையும் சின்னவள் பக்கம் திரும்பியது. பத்து வயதுக் குழந்தை, அப்பனைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் நிற்கிறது. அதைப் பார்த்து ஒருத்தி தன் கைக்குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இந்த இடத்தில் எனக்கு அந்த அம்மாவை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்கத் தோன்றுகிறது. கேட்டு என்ன? கட்டிய புருஷனை இழந்தவள். பழியை எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் அவளால் மூச்சுவிட முடிந்திருக்கும். இறக்கி வைக்கக் கிடைத்த இடம் அது.

அதற்கப்புறம் அம்மா அவளைத் திட்டியதே இல்லை. அதுதான் பொல்லாத்தனம். தலை வாரிப் பின்னல் போட்டுவிடுவாள், முதுகைத் தட்டுவாள், மெதுவான குரலில் சொல்லுவாள்: "நீ சும்மா இருந்தா நாங்க எல்லாரும் நல்லா இருப்போம்." பள்ளிக்கூடம் கிளம்பும்போதும், பரீட்சைக்குப் போகும்போதும், யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகும்போதும் அதே வார்த்தை. அடித்துச் சொன்ன வார்த்தையை மறந்துவிடலாம். தலையைக் கோதிவிட்டுச் சொன்னதை எப்படி மறப்பது? அவள் சும்மா இருந்தாள். வீட்டில் எல்லாரும் நல்லாத்தான் இருந்தார்கள்.

அந்த வீட்டில் அவளுக்கு ஆறுதல் என்று இருந்தது பெரியவள் ஒருத்திதான். ஐந்து வயது மூத்தவள். ஓயாத வாய். பால்காரரிடம் பேசுவாள், பக்கத்து வீட்டுப் பூனையிடம் பேசுவாள், யாரும் கிடைக்காவிட்டால் கண்ணாடியிடம் பேசுவாள். சின்னவளைச் சின்னு என்று கூப்பிட்டது அவள் மட்டுமே. வளர்ந்ததும் அவளுக்கேற்ற வேலையே கிடைத்தது. பெரிய பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று நாளெல்லாம் சொல்ல வேண்டும். வெங்கலத்தில் தட்டினமாதிரி குரல். அவள் முகத்தைப் பார்த்திராத ஆயிரம் பேருக்கு அவள் குரல் தெரியும்.

சின்னவளும் தனக்கேற்ற வேலையைத்தான் தேடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். பயிற்சியில் சேர்ந்த அன்று கையில் கொடுத்த விதிமுறைத் தாளில் நாலாவது விதி இது: படத்தில் தெரிவதை நோயாளியிடம் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதைப் படித்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றையும் சொல்ல வேண்டாம். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தை நிம்மதியாக முடித்திருப்பாள்.

ஸ்கேன் அறையில் எப்போதும் அரை இருட்டு. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். நோயாளி படுத்ததும் ஜெல்லைத் தடவி, கைப்பிடியை வைத்து அழுத்தி நகர்த்துவாள். திரையில் உள்ளே இருப்பதெல்லாம் கறுப்பும் சாம்பலுமாக வரும். வந்ததை அளந்து, நிறுத்தி, படமாக்கி அடுத்த அறைக்கு அனுப்புவாள். படுத்திருப்பவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள், அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "என்னம்மா தெரியுது?" என்பார்கள். "டாக்டர் சொல்வாங்க" என்பாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லுவாள். அதைச் சொன்னதும் படுக்கையின் ஓரத்தைப் பிடித்திருக்கும் கை இறுகும். அத்தனை பேருக்கும் அப்படித்தான், ஒன்றுமே இல்லாதவர்களுக்கும்கூட. அவள் முகத்தில் ஒரு கோடு அசையாது. அங்கே வேலை செய்பவர்கள் அவளுக்குப் பூட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். ரிப்போர்ட் எழுதும் டாக்டர், "பூட்டு எடுத்த படம்னா நான் ரெண்டாவது தடவ பாக்க வேண்டியதில்ல. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று சொல்லுவார். பாராட்டுத்தான். அதைக் கேட்டதும் அவள் அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விடுவாள்.

ஒரே ஒரு தடவை தவறிவிட்டாள். சேர்ந்த முதல் வருஷம். ஒரு கர்ப்பிணிப் பெண், தலைப்பிள்ளை. கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டாள். "துடிப்பு கொஞ்சம் மெதுவா இருக்கு, டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டுங்க" என்று இவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அடுத்த வாரம் அதே பெண் அதே படுக்கையில் வந்து படுத்தாள். திரையில் துடிப்பே இல்லை. துடிப்பு மெதுவாக இருந்ததால் வந்த முடிவு அது, இவள் சொன்னதால் வந்ததில்லை. படித்தவளுக்கு இது தெரியாதா? தலைக்குத் தெரியும். தலைக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? அன்றைக்குக் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, இருபத்து நாலு வயதுப் பெண், குழாயைத் திறந்துவிட்டு மூன்று தடவை வாய் கொப்பளித்தாள்.

கல்யாணமும் ஆயிற்று. வீட்டுக்காரர் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். வாயாடி மனிதர், நல்ல மனிதர். இரண்டு பேர் பேச வேண்டியதையும் அவரே பேசிக்கொள்வார். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார், பதில் பிடிக்காவிட்டால் அவரே கோபித்துக்கொள்வார். "உங்கிட்ட பேசறதுக்கு அந்த மிஷின்கிட்ட பேசலாம். அதாவது நடுவுல ஒரு தடவ கடகடன்னு சத்தம் போடும்" என்பார். அவர் வெளியே கிளம்பும்போது பார்த்துப் போங்க என்று அவள் சொன்னதே இல்லை. சொன்னால் விபத்தை வாயால் கூப்பிட்டதாகிவிடாதா? பெண் குழந்தைக்கு உடம்பு சுட்டால் காய்ச்சல் என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டாள். அதற்குப் பதிலாக வீட்டில் நாலு வெப்பமானி வைத்திருந்தாள், அறைக்கு ஒன்றாக. தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதுபோல எப்போதும் இருக்கும். தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். சொல்லாமல் விழுங்கியதெல்லாம் குழாயில் தெரியுமா?

இனி அந்தப் பத்து மாதத்துக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். எழுபத்தைந்து வயது, காது மந்தம், அதிகாரம் மட்டும் குறையவில்லை. அந்த ஞாயிறு அக்காவின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சிரித்து முடித்து, தலையை அண்ணாந்து, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக் குடித்தாள். மடக் மடக்கென்று விழுங்கினாள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் கழுத்தின் இடப்பக்கம் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. ஒரு கோலிக்குண்டு அளவு இருக்கும். செம்பைக் கீழே வைத்ததும் மறைந்துவிட்டது.

சின்னவள் பார்த்துவிட்டாள். அவள் கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே! நாள் முழுவதும் கழுத்துகளைப் பார்ப்பவள் அவள். இப்படிப்பட்ட கட்டிகளில் பாதிக்கு மேல் ஒன்றும் செய்யாதவை, சில பொல்லாதவை, எது எதுவென்று வெளியிலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது, உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா, உன் கழுத்துல ஏதோ இருக்கு, நாளைக்கு வா. அவ்வளவுதான். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. எதிரே அம்மா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் நடந்துவிடும். சொல்லாதவரை அது வெறும் வீக்கம். அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சுற்றி வளைத்துச் செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் கழுத்துக் கட்டி பற்றிய துண்டுத்தாளைக் கொண்டுபோய் அக்கா வீட்டு மேஜைமேல் மறந்து வைத்தமாதிரி வைத்துவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அந்தத் தாளின்மேல் சூடான பாத்திரம் உட்கார்ந்திருந்தது. "ஊழியர் குடும்பத்துக்கு இந்த மாசம் முழு உடம்பு பரிசோதனை இருக்கு, வர்றியா?" என்று கேட்டுப் பார்த்தாள். "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன். உங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் சேக்கறியா?" என்று அக்கா சிரித்தாள். கைபேசியில் எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தாள். "அக்கா, உன் கழுத்து" என்று எழுதினாள். எழுதினாலும் சொன்ன மாதிரிதானே! அழித்தாள். மறுநாள் எழுதினாள், மறுநாளும் அழித்தாள். "எதையோ முழுங்கிட்டு முழிக்கிறியே, என்னன்னு துப்பித் தொலையேன்" என்று வீட்டுக்காரர் கேட்டார். தலைவலி என்று சொன்னாள்.

நாலாம் மாதம் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். குனியும்போதே கோலிக்குண்டு இப்போது தெரிந்தது.

"அக்கா, உன் கழுத்துல..."

டம்ளர் மேஜையில் ஓங்கி விழுந்தது. காது மந்தமான அம்மாவுக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ! "சாப்பிடற நேரத்துல வாயத் திறக்காத" என்றாள். அதே மெதுவான குரல்.

"என்ன சொல்ல வந்த?" என்று அக்கா கேட்டாள். கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. முகத்தில் சட்டென்று ஏதோ இருண்டது.

"உன் செயின் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. எவ்வளவு வேகமாகத் தெளிந்தது என்பதைச் சின்னவள் கவனித்தாள். ஏன் என்று அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை. நாற்பது வயதுப் பெண், ஒரு குழந்தைக்குத் தாய், அம்மா டம்ளரைத் தட்டியதும் அடங்கிப் போய்ச் சாப்பிட்டு முடித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கப்புறம் அவள் முயற்சி செய்யவில்லை. ஞாயிறு தவறாமல் போனாள், எதிரே உட்கார்ந்தாள், கழுத்தைப் பார்த்தாள், வந்தாள். வாரத்துக்கு வாரம் அது வளர்வது அவளுக்குத் தெரிந்தது.

ஏழாம் மாதம் அக்காவின் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள், தூசி என்றார்கள், நாளெல்லாம் கத்துகிறாளே என்றார்கள். "போன்ல பேசினா ஹலோ சார்ங்கறாங்கடி!" என்று அக்கா அதையும் ஒரு வேடிக்கையாக்கினாள். ஒன்பதாம் மாதம் பஸ் நிலையத்தில் ஏழாம் நடைமேடை என்று அவள் அறிவித்தது பாதிப் பேருக்குக் கேட்காமல், ஒரு குடும்பமே பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு வந்து சண்டை போட்டது. மேலாளர் அவளை ஒலிபெருக்கி முன்னாலிருந்து எழுப்பி, டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வந்தால்தான் மறுபடி உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்கா ஸ்கேன் அறைக் கதவைத் திறந்தாள்.

"இவ்வளவு இருட்டாவா வேலை செய்யற? கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். சொன்னது காற்றும் குரலும் கலந்து ஒரு கீச்சலாக வந்தது.

சொந்தக்காரர்களுக்கு ஸ்கேன் எடுக்க அங்கே யாரும் விரும்புவதில்லை. அன்றைக்கு ஸ்கேன் எடுக்கும் இன்னொருத்தி விடுப்பு. வேறு வழியில்லை. அக்கா செயினைக் கழற்றித் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாள். ஜெல் பட்டதும் "ஐயோ, பனிக்கட்டி!" என்று நெளிந்தாள். சின்னவள் கைப்பிடியை இடப்பக்கம் வைத்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. வைத்த இடத்திலேயே வந்தது. கறுத்த கட்டி, அகலத்தைவிட ஆழம் அதிகம். ஓரம் வழவழப்பாக இல்லை, பிய்த்துப்போட்டதுபோல இருந்தது. உள்ளே உப்புத் தூவினமாதிரி வெள்ளைப் பொட்டுகள். கைப்பிடியைக் கழுத்தின் பக்கவாட்டில் நகர்த்தினாள். அங்கே தட்டையாக இருக்க வேண்டிய சின்னச் சின்ன முடிச்சுகள் உருண்டு திரண்டு வரிசையாக நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதை அளக்கும்போது கைப்பிடி நழுவிப் படம் கலைந்துவிட்டது. மறுபடி எடுத்தாள். இப்படி ஒரு படத்தைப் போன மாதம் வேறு யாருக்கோ எடுத்து அனுப்பியபோது ரிப்போர்ட் டாக்டர் அந்த நோயாளியை உடனே திருப்பி அழைத்துவரச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"என்னடி தெரியுது?" என்றாள் அக்கா.

வாய் தானாகத் திறந்து தானாகச் சொன்னது: "டாக்டர் சொல்வாங்க."

கை இறுகும் என்று எதிர்பார்த்தாள். எல்லாருக்கும் இறுகும். அக்காவின் கை படுக்கை ஓரத்தை விட்டுவிட்டது. தூக்கியிருந்த தோள் தழைந்தது. மடங்கியிருந்த கால் விரல்கள்கூட விரிந்தன. "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எதுக்கு அப்பாடா?"

"நீதான் ஒண்ணும் சொல்லலையே."

"நான் சொல்லலன்னா?"

"சொல்லலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்." அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "உனக்குத் தெரியாதா? வீட்ல எல்லாரும் அப்படித்தானே. நீ ஸ்கூலுக்குப் போனதும் அம்மா என்னக் கூப்பிட்டு, சின்னவ ஏதாவது சொன்னாளான்னு கேப்பா. இல்லன்னு சொன்னாத்தான் அவளுக்கு வேலையே ஓடும். மாமா ரெண்டாவது வண்டி வாங்கும்போது உன்ன எதுக்குக் கடைக்குக் கூட்டிட்டுப் போனார்னு நெனச்ச? ஐஸ்கிரீம் வாங்கித் தரவா? பக்கத்துல நிக்க வச்சு உன் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாராம். என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ நான் மாப்பிள்ளைய எங்க பாத்தேன்? உன்னத்தான் பாத்தேன். நீ கம்முனு இருந்த. சரின்னுட்டேன்."

சின்னவளின் கையில் கைப்பிடி அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷமாக அவள் வாயை அடைத்து வைத்திருக்கிறாள். அவள் அடைத்து வைத்ததை நல்வாக்காக எடுத்துக்கொண்டு ஒரு குடும்பமே நடந்திருக்கிறது. இதை ஒருத்தர்கூட அவளிடம் சொல்லவில்லை.

அக்கா பேசிக்கொண்டே போனாள். பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது. "இந்த வீக்கம் எனக்கு எப்பவோ தெரியும். முதல்ல கண்ணாடில பாத்தப்போ ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. யார்கிட்டயும் சொல்லல. சரி, ஞாயித்துக்கிழமை சின்னு வருவா, அவ பாக்கட்டும்னு இருந்தேன். நீ வந்து எதிர்ல உக்காந்து என் கழுத்தப் பாத்த. நான் உன் வாயப் பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்ட. அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். ஒரு தடவ, செயினப் பத்திச் சொன்ன பாரு, அன்னைக்கு மட்டும் உயிரே போயிடுச்சு. இவ்வளவு நாள் நீ பாத்துப் பாத்துச் சும்மா இருந்திருக்க. இதுல என்ன பெருசா இருந்துடப் போகுது?"

திரையில் அந்தக் கட்டி அசையாமல் நின்றது. இப்போதும் சும்மா இருந்தால் அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் வர நேரமானால் ரிப்போர்ட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள்தான். சின்னவளுக்குப் பயத்தில் காது அடைத்தது. ஆனாலும் பேசினாள்.

"இருக்குக்கா."

"என்ன இருக்கு?"

"கட்டி இருக்கு. நல்ல கட்டி மாதிரி தெரியல. பக்கத்துலயும் பரவியிருக்கு. உன் குரல் போனதுக்கும் அதுதான் காரணம்னு நினைக்கறேன்." நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "உன் பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்ச அன்னைக்கே நான் பாத்துட்டேன். அப்ப சின்னதா இருந்துச்சு. சொல்லணும்னு வாரா வாரம் வந்தேன். பயந்துட்டு சொல்லல."

அக்கா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். கழுத்திலிருந்த ஜெல் ரவிக்கைக்குள் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை. வலது கையை நீட்டித் தங்கையின் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ" என்றாள் அந்தக் கீச்சுக் குரலில். "சொல்லிட்டியேடி சின்னு. ஏன்டி சொன்ன? இத்தனை நாள் நல்லாத்தானேடி இருந்தேன்!"

கோபத்தில் கேட்கவில்லை. திருடன் வீட்டுக்குள் புகுந்ததைக் கண்முன்னால் பார்த்தவள்போலக் கேட்டாள். இந்த நிமிஷம்வரை தனக்கு நோயில்லை, இவள் வாயைத் திறந்ததும் வந்துவிட்டது என்றே அவள் நம்பினாள். அம்மாவின் முகத்தில் சின்னவள் இதே பார்வையைப் பார்த்திருக்கிறாள். அக்காவின் முகத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அந்தக் கையை விலக்கித் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். வாய் கொப்பளிக்கத் தோன்றவில்லை.

"நல்லா இல்லக்கா. பத்து மாசமா நீ நல்லா இல்ல. நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான்" என்றாள். பிறகு ஒரு கையை மட்டும் விடுவித்து, சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து, டாக்டரை உடனே இந்த அறைக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கட்டியின் அளவையும் பரவியிருக்கும் இடங்களையும் ஒன்றுவிடாமல் உரக்கச் சொன்னாள்.